ஒரே செடி, ஆறு வகைத் தேயிலை

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



கொஞ்ச நாளைக்கு முந்தி கோத்தகிரிப் பக்கம் போயிருந்தேன். ரோட்டோரமா ஒரு கொட்டகை. அங்கேதான் சுத்துப்பட்டுச் சிறு விவசாயிகள் பறித்துக் கொண்டு வருகிற பச்சைத் தேயிலையை நிறுத்து வாங்குகிறார்கள். ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் இரண்டு மூட்டைக் கொழுந்தைக் கொண்டு வந்து தராசிலே வைத்தார். நிறுக்கிற பையன் எடையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே மூட்டைக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டான். வெளியே எடுத்து, "ஐயா, உள்ளே சூடு ஏறியிருக்கு. இதை நல்ல இலையிலே சேர்க்க முடியாது" என்றான்.

பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "காலையிலே பறிச்ச இலை தம்பி! பச்சைப் பசேல்னு இருக்கு, நீயே பாரு. எப்படியும் நீங்க இதை நசுக்கிக் கறுப்பாக்கத்தானே போறீங்க? கொஞ்சம் சூடு இருந்தா என்ன குடி முழுகிப் போச்சு?" என்று கேட்டார்.

பையனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பின்னாலே வரிசையும் நின்றது. சூடேறின இலை என்று கழிவு போட்டு எழுதிக் கொடுத்தான். பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அவர் கேட்ட கேள்வி நியாயமான கேள்விங்க. அதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், உலகத்தில் எத்தனை வகைத் தேயிலை இருக்கிறது, அவை எங்கே பிறந்தன, எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். "எங்க ஊரிலே நெல்லும் கடலையும்தான், தேயிலை எங்களுக்கு எதுக்கு?" என்று சமவெளி விவசாயிகள் எழுந்து போய்விடாதீங்க. காலையில் எழுந்ததும் நீங்க குடிக்கிற டீயைப் பற்றின சமாச்சாரம் இது.

செடி ஒன்றுதான்

கறுப்புத் தேயிலை, பச்சைத் தேயிலை, வெள்ளைத் தேயிலை என்றெல்லாம் கடையில் பெட்டி பெட்டியாக வைத்திருப்பதைப் பார்த்தால், ஒவ்வொன்றும் ஒவ்வொரு செடி என்று தோன்றும். அப்படி நினைத்தது நாம் மட்டுமில்லை. செடி கொடிகளுக்கெல்லாம் பெயர் வைத்த பெரிய தாவர அறிஞர் லின்னேயஸ்கூட 1762-இல் வெளியிட்ட நூலில் பச்சைத் தேயிலைக்கு ஒரு செடி, கறுப்புத் தேயிலைக்கு வேறொரு செடி என்றுதான் எழுதி வைத்தார். 1840-களில் ராபர்ட் பார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சீனாவின் மலைக்கிராமங்களுக்கே போய்ப் பார்த்தார். ஒரே செடியின் இலையிலிருந்துதான் இரண்டையும் செய்கிறார்கள் என்று அவர் எழுதின பிறகுதான் ஐரோப்பாவில் அந்தக் குழப்பம் தீர்ந்தது.

தேயிலைச் செடியின் பெயர் கமேலியா சைனென்சிஸ். இதிலே முக்கியமாக இரண்டு இனம். ஒன்று சின்ன இலை உடைய சீன இனம். குளிரைத் தாங்கும், குட்டையாக வளரும். இன்னொன்று பெரிய இலை உடைய அஸ்ஸாம் இனம். சூடும் ஈரமும் உள்ள இடத்தில் கொழுகொழுவென்று தளிர்விடும். வெட்டாமல் விட்டால் மரமாகவே போய்விடும். கவாத்து செய்து செய்து இடுப்பளவு புதராக வைத்திருக்கிறோம். அவ்வளவுதான்.

பிறந்த இடம் சீனாவின் தென்மேற்கும் அதை ஒட்டிய மலைநாடுகளும். கி.மு. 141-இல் இறந்துபோன ஒரு சீனச் சக்கரவர்த்தியின் கல்லறையைத் தோண்டியபோது, மற்றப் பொருள்களோடு தேயிலை மொட்டுகளும் கிடைத்திருக்கின்றன. ஆகவே இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலான பழக்கம் இது.

பெயரும் அங்கேயிருந்து வந்ததுதான். சீனாவின் பெரும்பகுதியில் இதற்குச் 'சா' என்று பெயர். ஃபூஜியன் மாகாணத்துக் கடற்கரையில் மட்டும் 'தே' என்பார்கள். அந்தத் துறைமுகத்து ஆட்களோடு வியாபாரம் செய்த டச்சுக்காரர்கள் 'தே' என்று கொண்டு போனார்கள். அதுதான் இங்கிலீஷில் 'டீ', நம் தமிழில் 'தே'யிலை. மற்ற வழியாக வந்த 'சா', வடக்கே 'சாய்' என்றும், தென்கோடியிலும் கேரளத்திலும் 'சாயா' என்றும் ஆனது. டீ என்றாலும் சாயா என்றாலும் இரண்டுமே சீனத்துப் பேச்சுதானுங்க.

இலை கறுப்பது ஏன்?

ஒரே நெல்லைப் பச்சையாகக் குத்தினால் பச்சரிசி. அவித்துக் குத்தினால் புழுங்கலரிசி. ஊறவைத்து வறுத்து இடித்தால் அவல். வித்தியாசம் நெல்லில் இல்லை, செய்கிற வேலையில் இருக்கிறது. தேயிலையும் அதே மாதிரிதான்.

வாழைப்பூவை ஆய்ந்து நறுக்கி வைத்தால் சற்று நேரத்தில் கறுத்துப் போகும். அதனாலேதான் வீட்டில் பெண்கள் நறுக்கின கையோடு மோரில் போடுகிறார்கள். ஏன் கறுக்கிறது? அதற்குள் துவர்ப்புச் சத்து ஒரு பக்கம் இருக்கிறது. அதை மாற்றக்கூடிய நொதி என்கிற பொருள் இன்னொரு பக்கம் இருக்கிறது. முழுதாக இருக்கிற வரைக்கும் இரண்டும் தனித்தனி அறையில் இருக்கிற மாதிரி. நறுக்கினாலோ நசுங்கினாலோ சுவர் இடிந்துபோய் இரண்டும் கலக்கின்றன. காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்ந்துகொள்கிறது. உடனே நிறம் மாறுகிறது.

தேயிலைக் கொழுந்திலும் இதேதான் நடக்கிறது. இலை நசுங்கினதும் துவர்ப்புச் சத்து மாறி, சிவப்பும் பழுப்புமான புதுப் பொருள்கள் உண்டாகின்றன. டீயின் நிறம், திடம், வாசனை எல்லாம் அதிலிருந்துதான். இதைப் 'புளிக்க வைப்பது' என்று தொழிற்சாலையில் சொல்வார்கள். ஆனால் இட்லி மாவு புளிக்கிற மாதிரி இல்லை. இதிலே நுண்ணுயிர் வேலை கிடையாது, காற்றின் வேலைதான்.

இந்த மாற்றத்தை நிறுத்த ஒரே வழி சூடு. நல்ல சூடு பட்டால் நொதி செத்துப்போகும், இலை அதற்கு மேல் மாறாது. எங்கே ஆரம்பிக்கிறோம், எங்கே நிறுத்துகிறோம் என்பதை வைத்துத்தான் தேயிலை வகைகள் பிரிகின்றன. மொத்தம் ஆறு வகை என்று சீனாவில் கணக்கு.

ஆறு வகைகள்

முதலாவது, பச்சைத் தேயிலை. பறித்து வந்த இலையை, கறுப்பதற்கு இடமே கொடுக்காமல், சூடு காட்டிவிடுவார்கள். சீனாவில் சூடான இரும்புக் கடாயில் கையால் புரட்டி வறுக்கிறார்கள். ஹாங்ஜோ ஊரின் 'லோங்ஜிங்' தேயிலை அப்படிச் செய்வது. ஜப்பானில் வறுப்பதில்லை, நீராவியில் அவிக்கிறார்கள். நம்ம இடியாப்பம் அவிக்கிற மாதிரி, ஆனால் ஒன்றிரண்டு நிமிஷத்துக்குள் வேலை முடிந்துவிடும். பிறகு உருட்டிக் காயவைப்பார்கள். அதனாலே ஜப்பான் தேயிலை கீரை நிறமாக இருக்கும். அங்கே உயர்ந்த தேயிலைக்கு, பறிப்பதற்கு மூன்று வாரம் முந்தியே செடிக்கு மேலே பந்தல் போட்டு வெயிலை மறைப்பதும் உண்டு. நிழலில் வளர்ந்த இலைக்குத் துவர்ப்பு குறைவு, ருசி கூட. அப்படி வளர்த்த இலையை மாவாக அரைத்ததுதான் 'மாச்சா'.

இரண்டாவது, வெள்ளைத் தேயிலை. செய்முறையில் எல்லாவற்றிலும் எளிமை இதுதான். வறுப்பதில்லை, உருட்டுவதில்லை. மென்மயிர் போர்த்த மொட்டுகளைப் பறித்து, இரண்டு மூன்று நாள் தட்டில் பரப்பி வாட வைத்து, மெதுவாகக் காயவைப்பார்கள். காய்ந்ததும் வெள்ளி ஊசி மாதிரி இருக்கும். பிறந்த இடம் ஃபூஜியன் மாகாணம். வேலை எளிமையே தவிர, மொட்டு மட்டும் பறிப்பதால் ஒரு ஆள் நாள் முழுக்கப் பறித்தாலும் கொஞ்சம்தான் சேரும். விலை உயர்வதற்கு அதுவே காரணம்.

மூன்றாவது, மஞ்சள் தேயிலை. பச்சைத் தேயிலை மாதிரியே கடாயில் வாட்டி, சூடும் ஈரமும் ஆறுவதற்குள் காகிதத்திலோ துணியிலோ பொதிந்து வைப்பார்கள். உள்ளேயே புழுங்கி இலை மெல்ல மஞ்சளாகும். பச்சை வாசனை போய்விடும். ஹூனான் மாகாணத்தில் ஒரு ஏரித் தீவில் செய்கிற மஞ்சள் தேயிலைக்குப் பெரிய பெயர்.

நான்காவது, ஊலாங். பாதி வழியில் நிறுத்துகிற வகை. இலையை வெயிலில் கொஞ்சம் வாட்டி, மூங்கில் தட்டில் போட்டுக் குலுக்குவார்கள். ஓரம் மட்டும் நசுங்கிச் சிவக்கும், நடு இலை பச்சையாகவே இருக்கும். ஓரம் எவ்வளவு சிவந்தது, வாசனை எப்படி எழும்புகிறது என்று மூக்காலும் கண்ணாலும் பார்த்து, சரியான சமயத்தில் கடாயில் போட்டு நிறுத்த வேண்டும். ஃபூஜியன், குவாங்டாங், தைவான் இந்த மூன்று இடமும் இதற்குப் பேர் போனவை.

ஐந்தாவது, நாம் குடிக்கிற கறுப்புத் தேயிலை. இதை முழுக்கக் கறுக்க விடுகிறோம். வடிநீர் சிவப்பாக இருப்பதால் சீனாக்காரர்கள் இதைச் சிவப்புத் தேயிலை என்பார்கள். ஃபூஜியனில் உள்ள வூயி மலையில்தான் ஏறக்குறைய 17-ஆம் நூற்றாண்டில் இது பழக்கத்துக்கு வந்தது. மாதக்கணக்கில் கப்பலில் போனாலும் கெடாது என்பதால் வெளிநாட்டுக்காரர்கள் இதை விரும்பி வாங்கினார்கள்.

ஆறாவது, உண்மையாகவே நுண்ணுயிர் வேலை செய்கிற வகை. யுன்னான் மாகாணத்தின் 'பூஅர்' தேயிலை இதில் பிரபலம். அந்தக் காலத்தில் அழுத்தி அடையாகச் செய்து, வருஷக்கணக்கில் வைத்திருந்து பக்குவப்படுத்தினார்கள். 1973-இல் குன்மிங் தேயிலைத் தொழிற்சாலையில் ஒரு குறுக்குவழி கண்டார்கள். இலையைக் குவித்து, தண்ணீர் தெளித்து, மூடி வைப்பது. குவியல் சூடாகும். இடையிடையே கிளறி விட வேண்டும். நம்ம கம்போஸ்ட் குழி மாதிரியேதான்! ஒன்றரை இரண்டு மாதத்தில் பக்குவமாகிவிடும்.

இந்தியாவுக்கு வந்த கதை

அஸ்ஸாம் காடுகளில் இந்தச் செடி இயற்கையாகவே இருந்தது. அங்கே வாழும் சிங்போ மக்கள் அந்த இலையைப் பக்குவம் செய்து குடித்து வந்தார்கள். 1823-இல் ராபர்ட் புரூஸ் என்கிற வெள்ளைக்காரருக்கு அதைக் காட்டிக் கொடுத்தவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தான். 1839 ஜனவரியில் அஸ்ஸாம் தேயிலை லண்டனில் ஏலம் போயிற்று.

நீலகிரியில் 1830-களிலேயே கேத்தியில் சீனச் செடிகளை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். 1850-களுக்கு மேலேதான் தோட்டமாகப் பரவியது. இலங்கையில் 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் ஆரம்பித்தார். 1869-இல் காப்பிச் செடிக்கு இலைத்துரு நோய் வந்து காப்பித் தோட்டங்கள் அழிந்துபோக, அந்த மண்ணிலெல்லாம் தேயிலை ஏறியது. அதைப் பறித்த கைகள் நம் மாவட்டங்களிலிருந்து கப்பலேறிப் போன தமிழர்களின் கைகள். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்களில் பலர் நீலகிரியில் மறுபடியும் கொழுந்துதான் பறித்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே அரசாங்கம் 1968-இல் தேயிலைத் தோட்டத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

தொழிற்சாலைக்குள்ளே

கறுப்புத் தேயிலை செய்வதில் இரண்டு முறை உண்டு. பழைய முறைக்கு ஆர்த்தடாக்ஸ் என்று பெயர். புதிய முறைக்கு சி.டி.சி. என்று பெயர்.

இரண்டுக்கும் முதல் வேலை வாட்டுவது. வலை அடித்த நீண்ட தொட்டியில் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து காற்று ஊதுவார்கள். பச்சை இலையில் 100-க்கு 75 முதல் 80 பங்கு தண்ணீர்தான். 12 மணி நேரத்துக்கு மேல் வாட்டின பிறகு இலை துணி மாதிரித் துவளும். ஆர்த்தடாக்ஸுக்கு இன்னும் நன்றாக வாட்ட வேண்டும்.

ஆர்த்தடாக்ஸ் முறையில், வாடின இலையை உருட்டும் இயந்திரத்தில் போட்டு முறுக்குவார்கள். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துக் கசக்குகிற மாதிரி. இலை கூழாகாது, முறுக்கிக்கொள்ளும். மணம் நன்றாக நிற்கும்.

சி.டி.சி. என்றால் நசுக்கிக் கிழித்துச் சுருட்டுவது என்று பொருள். 1930-களின் தொடக்கத்தில் அஸ்ஸாமில் மெக்கர்ச்சர் என்பவர் இந்த இயந்திரத்தைக் கொண்டு வந்தார். பல் வெட்டின இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுற்றும். ஒன்று வேகமாக, மற்றது மெதுவாக. நடுவில் அகப்பட்ட இலை நார் நாராகக் கிழிந்துபோகும். மூன்று நான்கு ஜோடி உருளைகளைத் தாண்டி வந்ததும் குருணையாகிவிடும். நிறமும் திடமும் உடனே இறங்கும். பாலூற்றிக் குடிக்கிற நமக்கு இதுதான் தோது. அதனாலே இந்தியாவில் செய்கிற தேயிலையில் பெரும்பகுதி சி.டி.சி.தான்.

அடுத்தது காற்றில் பரப்பிச் சிவக்க வைப்பது. சி.டி.சி.க்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம், ஆர்த்தடாக்ஸுக்கு இரண்டு மூன்று மணி நேரம். பிறகு சுமார் 100 டிகிரி வெந்நிறக் காற்றில் உலர்த்தி, ஈரத்தை 100-க்கு 3 அளவுக்குக் கொண்டு வருவார்கள். கடைசியில் சல்லடையில் சலித்துத் தரம் பிரிப்பார்கள். நான்கு முதல் நாலரைக் கிலோ கொழுந்து போட்டால் ஒரு கிலோ தூள் கிடைக்கும்.

ஒரு சந்தேகத்தையும் இங்கே தீர்த்துவிடுகிறேன். 'டஸ்ட்' டீ என்றால் கூட்டி அள்ளின குப்பை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சலிக்கும்போது கடைசிச் சல்லடையில் இறங்குகிற நைசான தூளுக்கு அந்தப் பெயர். அளவுதான் சின்னது. நல்ல கொழுந்திலிருந்து வந்த டஸ்ட் நல்ல டீதான். நம் டீக்கடைப் பைவடிகட்டிக்கு ஏற்றதும் அதுதான்.

பெரியவர் கேட்ட கேள்வி

இப்போது கொட்டகைக்குத் திரும்பி வருவோம். கறுக்க வைக்கப் போகிற இலை மூட்டையிலேயே சூடானால் என்ன?

ஈரம் காயாத வைக்கோலைப் போர் போட்டால் உள்ளே சூடேறுகிறது இல்லையா? பறித்த கொழுந்துக்கும் உயிர் இருக்கிறது. மூச்சு விட்டுக்கொண்டேதான் இருக்கும். சூடு வெளியே வரும். காற்றாட இருந்தால் சூடு பறந்துவிடும். சிமெண்டுச் சாக்கில், யூரியாச் சாக்கில் திணித்து, காலால் மிதித்துக் கட்டினால் சூடு எங்கே போகும்? திணித்ததில் இலையும் நசுங்குகிறது. நசுங்கின இலை அப்போதே மாற ஆரம்பித்துவிடும். வாடுவதற்கு முன்னாலே, கண்ட சூட்டில், ஒரு இலை அதிகம் ஒரு இலை குறைவு என்று தாறுமாறாக மாறும். மேலே பச்சைப் பசேல் என்று இருக்கும், நடு மூட்டையில் இலை ஓரம் செம்பு நிறமாகியிருக்கும். அதைத்தான் அந்தப் பையன் கையை விட்டுப் பார்த்தான்.

தொழிற்சாலையில் ஒரு மணி நேரத்தில், அளவான குளிர்ச்சியில் நடக்க வேண்டிய மாற்றம் உங்க மூட்டைக்குள்ளே கணக்கில்லாமல் நடந்துபோகிறது. ஒரு தரம் நடந்ததைத் திருப்ப முடியாது. எவ்வளவு நல்ல இயந்திரம் வைத்தாலும் அந்த இலையிலிருந்து மணமில்லாத, மங்கலான, சப்பென்ற தேயிலைதான் வரும். அது ஏலத்தில் விலை குறைந்து போகும். தூளின் விலையை வைத்துத்தான் பச்சை இலைக்கு விலை போடுகிறார்கள் என்பதால், குறைவு திரும்பி வந்து விழுவது நம் தலையில்தான். பெரியவர் மூட்டை மட்டுமில்லை, அதே தொட்டியில் சேர்ந்த பத்துப் பேர் இலையும் சேர்ந்து கெடும். அதுதான் இதிலே பெரிய நஷ்டம்.

இதற்கு ஒரு பழைய அனுபவமும் இருக்கிறது. நீலகிரித் தேயிலையை ரஷ்யாக்காரர்கள் ஏராளமாக வாங்கிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. எப்படிப் பறித்தாலும் விற்றது. முற்றின இலையும் குச்சியும் மூட்டையில் ஏறின. 1991-இல் சோவியத் நாடு கலைந்தது. 1990-களின் கடைசியில் விலை சரிந்தபோது சிறு விவசாயிகள் பட்ட பாடு நீலகிரிக்காரர்களுக்குத் தெரியும். விலை சரிந்ததற்குப் பல காரணம் உண்டு. எல்லாம் நம் கையில் இல்லை. ஆனால் தரம் குறைந்த இலைதான் முதலில் அடிபட்டது.

கென்யா நாட்டைப் பாருங்க. அங்கேயும் தேயிலையில் பாதிக்கு மேல் சிறு விவசாயிகள் உற்பத்திதான். இலை வாங்கும் நிலையத்தில் மேஜை மேலே கொட்டிப் பார்ப்பார்கள். இரண்டு இலை ஒரு மொட்டு இல்லையென்றால், விவசாயி அங்கேயே உட்கார்ந்து பொறுக்கிப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கண்டிப்புத்தான். ஆனால் அந்தக் கண்டிப்பினாலேதான் கென்யாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் ஒரு மதிப்பு.

நாம் செய்ய வேண்டியது

தேயிலை விவசாயிகளுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்.

இரண்டு இலை, ஒரு மொட்டு. இளசாக இருந்தால் மூன்றாவது இலையும் சேரலாம். அதற்குக் கீழே கை போக வேண்டாம். நன்றாகத் தளிர்க்கிற காலத்தில் வாரம் பத்து நாளுக்கு ஒரு சுற்று பறித்தால்தான் இது முடியும். இருபது நாள் விட்டுவிட்டுப் பறித்தால் முற்றல்தான் வரும்.

ஆள் பற்றாக்குறையில் கத்திரி போடுகிறோம். வேறு வழியில்லை, தெரியும். ஆனால் வருஷம் முழுக்கக் கத்திரியையே நம்பினால் செடியும் இளைக்கும், இலையும் கெடும். கொழுந்து குறைவாக வருகிற மாதங்களிலாவது கையால் பறியுங்க.

பறித்ததைக் கைப்பிடியில் இறுக்கி வைத்துக்கொண்டே அடுத்த செடிக்குப் போகாதீங்க. உடனுக்குடன் கூடையில் போடுங்க. கூடையோ வலைப்பையோ நல்லது. பிளாஸ்டிக் சாக்கு வேண்டாம். திணிக்க வேண்டாம். மிதிக்கவே வேண்டாம்.

வண்டி வருகிற வரைக்கும் நிழலில் சுத்தமான படுதாவில் பரப்பி வையுங்க. மூட்டையை வெயிலில் அடுக்காதீங்க. முடிந்தால் ஒரு நாளைக்கு இரண்டு தடவை அனுப்புங்க.

மருந்து அடித்தால், எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அத்தனை நாள் பொறுங்க. தேயிலை வாரியம் அனுமதித்த மருந்தைத் தவிர வேறெதையும் அடிக்காதீங்க. தேயிலையை நாம் கழுவிக் குடிப்பதில்லை என்பதை மறக்கக் கூடாது.

"பச்சைத் தேயிலை, வெள்ளைத் தேயிலை எல்லாம் நல்ல விலைக்குப் போகுதாமே, நாமே செய்தால் என்ன?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். செய்யலாம். நீலகிரியில் கையாலேயே செய்து விற்கிற சிறு விவசாயிகளும் இருக்கிறார்கள். ஆனால் வாங்குகிற ஆளை முதலில் பிடித்துவிட்டு, பிறகு கடாயை அடுப்பில் ஏற்றுங்க. பச்சைத் தேயிலைக்கு இலை இன்னும் புதுசாக இருக்க வேண்டும். மூட்டையில் சூடான இலை அதற்குத் துளிகூட ஆகாது. கறுப்புத் தேயிலையிலாவது குறை கொஞ்சம் ஒளிந்துகொள்ளும், பச்சையிலும் வெள்ளையிலும் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.

வாங்கிக் குடிக்கிறவர்களுக்கு

சமவெளி நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் உதிரியாக வாங்குகிற தூளில் சாயம் கலந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். மையொற்றும் காகிதம் அல்லது வடிதாளில் கொஞ்சம் தூளைப் பரப்பி, பச்சைத் தண்ணீர் தெளித்து நனையுங்க. சற்றுப் பொறுத்துத் தூளைத் தட்டிவிட்டு, தாளைக் குழாய்த் தண்ணீரில் அலசி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்க. நல்ல தூளானால் கறை நிற்காது. சாயம் கலந்திருந்தால் கறுப்பும் பழுப்புமாகத் திட்டு நிற்கும். காந்தத்தைத் தூளில் புரட்டினால் இரும்புத் துகள் இருந்தாலும் தெரிந்துவிடும்.

பச்சைத் தேயிலை வாங்கினால் அதைப் பாலில் போட்டுக் கொதிக்க விடாதீங்க, கசந்து போகும். கொதித்த தண்ணீரை இறக்கிக் கொஞ்சம் ஆறவிட்டு, இலையைப் போட்டு, இரண்டு நிமிஷத்தில் வடிகட்டுங்க. கறுப்புத் தேயிலைக்குத்தான் தளதளவென்று கொதிக்கிற தண்ணீர் வேண்டும்.

ஆக, பெருமக்களே, செடி ஒன்று, இலை ஒன்று. சீனாக்காரர் கடாயும் ஜப்பான்காரர் நீராவியும் அஸ்ஸாம் இயந்திரமும் அதை ஆறு வகையாகப் பிரிக்கின்றன. ஆனால் எந்த வகை ஆனாலும் முதல் வேலை தொழிற்சாலையில் ஆரம்பிப்பதில்லை, கிள்ளுகிற விரலில் ஆரம்பிக்கிறது. கோத்தகிரிப் பெரியவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஐயா, அந்தப் பையன் கையை விட்டுப் பார்ப்பதற்கு முந்தி, வீட்டிலேயே நீங்க ஒரு தரம் மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்க. வெதுவெதுப்பு தட்டினால் உடனே அவிழ்த்துப் பரப்பிவிடுங்க. உங்க கூலியும் உழைப்பும் அந்தச் சூட்டில்தான் போகிறது.